ஒரு சொட்டு உள்ளே வராது

ஜனவரி 10

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அத்தைக்கு முழங்கால் வலி. எனக்கு ஒரு வலியும் கிடையாது. போன வாரம் டாக்டர் என் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது உடம்பா இல்லை இரும்பா என்று கேட்டார். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததே இல்லையாம்.

நீ சொன்னபடி உன் படகைப் போய்ப் பார்த்தேன். நான் படகு பழுதுபார்க்கிற யார்டுக்குள் நுழைந்ததும் வேலை செய்துகொண்டிருந்த நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். சாப்பாட்டு மணி அடித்ததால் எழுந்தார்கள் என்று உன் அத்தை சொல்கிறாள். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள், அவளுக்கு என்ன தெரியும்.

படகு நல்ல ஜாதி. முப்பத்தெட்டு அடி. நாற்பத்தாறு வயதாகியும் வளைவு நெளிவு அப்படியே இருக்கிறது. ஆனால் ஆறு வருடமாகத் தண்ணீரையே பார்க்காமல் முட்டுக் கொடுத்து வெயிலில் நிற்கிறது. பலகையெல்லாம் காய்ந்து சுருங்கி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடுக்கு விட்டிருக்கிறது. உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியில் போகிறவன் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். இருக்கிற வீட்டை விற்று இந்தச் சல்லடையையா வாங்கினாய் என்று ஒரு நிமிஷம் தலையில் கை வைத்தேன். அப்புறம், நான்தானே செய்யப்போகிறேன் என்று நினைவு வந்ததும் சிரித்துக்கொண்டேன்.

யார்டில் ஒரு அம்மாள் இருக்கிறாள். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்துச் சுத்தியால் அடிப்பதுதான் அவள் வேலை. நான் பஞ்சக்கா என்று பெயர் வைத்துவிட்டேன், இப்போது யார்டே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவள் படகைச் சுற்றி வந்துவிட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி ஒரு மாசம் தண்ணீர் ஊற்றி வாருங்கள், மரம் ஊறித் தானாகக் கூடிக்கொள்ளும், மிச்சத்துக்கு நான் பஞ்சு அடிக்கிறேன் என்றாள். தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று வைத்தியம் கேட்டால் தண்ணீரையே ஊற்றச் சொல்கிறாயே அக்கா என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் மாமா முப்பத்தொரு வருடம் பஸ் பாடி கட்டியவன். இருநூறு பஸ். அதில் ஒன்றிலாவது மழை ஒழுகியது என்று ஒருவன் வந்து சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். நீ அந்தத் தீவு வானிலை நிலையத்தில் நிம்மதியாகக் காற்றை அளந்துகொண்டிரு. ஒரு சொட்டு உள்ளே வராது.

மாப்பிள்ளைக்குக் கண் எப்படி இருக்கிறது? சுற்றி வளைக்காமல் எழுது.

உன் மாமா

*

ஜனவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

கப்பல் இந்தத் தீவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குத் திரும்பிவிடும். உங்கள் கடிதத்தைப் படித்து, பதில் எழுதி, ஓடிப்போய்ப் பையில் போட நாலு மணி நேரம். அதனால் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை நேரில் பேசும்போது நூற்றைம்பது பஸ் என்றீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஐம்பது கட்டியிருக்கிறீர்கள் போல.

கண் பற்றிக் கேட்டீர்கள். இவருக்கு நேரே பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. குழாய் வழியாகப் பார்ப்பது போல என்கிறார். தட்டில் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார், அந்தப் பாதி அவருக்குத் தெரிவதில்லை. குழாய் வருடத்துக்கு வருடம் ஒடுங்கும், தானாகச் சுக்கான் பிடிக்கிற அளவுக்குப் பார்வை இன்னும் ஒன்றரை வருடம் இருக்கலாம், இரண்டு இருந்தால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் மாமா வீட்டை விற்றோம். அவருக்கு ஊர்களைப் பார்க்கிற ஆசை இல்லை. ஒரு கரையை விட்டுக் கிளம்பி, தன் கையாலேயே ஓட்டிப்போய், அடுத்த கரை எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும். அதை எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. மே கடைசியில் இங்கே எங்கள் வேலை ஒப்பந்தம் முடிகிறது. ஜூனில் கிளம்பினால் ஒரு வருடமாவது முழுசாகக் கிடைக்கும்.

நீங்கள் முதலில் பாய்மரத்தைத் தாங்குகிற கம்பி வடங்களை மாற்றச் சொல்லுங்கள். இன்ஜினைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி இரண்டும் உள்ளே துரு. படுக்கையிலிருந்து சுக்கான் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள், அவர் கையைக் கயிற்றில் வைத்துக்கொண்டே நடக்கிற மாதிரி.

அடிப்பலகை இடுக்குகளை மட்டும் இப்போது தொட வேண்டாம். முந்திய சொந்தக்காரர் எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. படித்து முடித்து அடுத்த கப்பலில் எழுதுகிறேன். அந்த அம்மாளோடு சண்டை போடாதீர்கள்.

சுண்டெலி

*

ஜனவரி 28

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நீ தொடாதே என்று எழுதிய வேலை அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. உன் மாமாவின் வேகத்துக்கு எந்தக் கப்பலாலும் ஈடு கொடுக்க முடியாது.

ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு, இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்து நாலு இடுக்கு. பழைய பஞ்சு, பழைய மெழுகு எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுத்து எறிந்தேன். சுத்தமாக ஊதித் துடைத்து, ரெண்டு டப்பா கலந்து பூசுகிற பசை இருக்கிறதே, பஸ்ஸில் தகட்டையும் கட்டையையும் ஒட்டுவதற்குப் போடுவோமே, அதை ஒவ்வொரு இடுக்கிலும் அடி வரைக்கும் திணித்தேன். காய்ந்தால் கல். ஆணி இறங்காது. சுத்தியால் அடித்தால் சுத்திதான் வாய் பிளக்கும். பதினோரு நாள் குனிந்தும் படுத்தும் செய்தேன். பிறகு உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது பலகை, எது பசை என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை வந்து தடவிப் பார்க்கட்டும்.

பரீட்சையும் வைத்தேன். குழாயைப் படகுக்குள் விட்டு முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பினேன். வெளியே நின்று யார்டே பார்த்தது. ஐம்பது பேர் இருப்பார்கள். கீழே ஒரு காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் படித்தேன், அவ்வளவு காய்ந்து இருந்தது. உடனே தண்ணீரை இறைத்துவிட்டேன், மரம் நனையக் கூடாது பார்.

பஞ்சக்கா வந்தாள். விரலால் ஒரு இடுக்கைத் தொட்டாள், நகத்தால் கீறினாள். சுத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருடம் பஞ்சு அடித்தவளுக்கு இப்படி ஒரு வேலையைப் பார்த்ததும் வாயடைத்துப் போயிற்று.

கம்பி வடத்துக்கு ஆள் பேசியாயிற்று. கயிறு நானே கட்டுகிறேன். உனக்கு மூன்று வயதில் ஊஞ்சல் கட்டியவன் நான்.

உன் மாமா

*

பிப்ரவரி 12

மாமாவுக்கு,

நோட்டைப் படித்து முடித்தேன். பதினேழாம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"கரையில் நின்றால் பலகை சுருங்கும். தண்ணீரில் இறங்கினால் ஊதும். இடுக்கில் இருக்கும் பஞ்சு அமுங்கி அதற்கு இடம் கொடுக்கும். இறுகிக் கல்லாகிற எதையும் இடுக்கில் வைக்காதே. வைத்தால் பலகைக்கு ஊத இடம் இருக்காது. அது விலாக்களை உடைத்துக்கொண்டு வெளியே போகும்."

விலா என்று அவர் எழுதுவது, பலகைகளை உள்ளிருந்து தாங்கி நிற்கிற வளைவுக் கட்டைகளை. ஒரு பக்கத்துக்கு முப்பத்திரண்டு. அவை போனால் படகு போயிற்று.

தொட வேண்டாம் என்று எழுதினேன். என் கடிதம் வருவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டீர்கள், அது உங்கள் குற்றமில்லை. ஆனால் அந்த அம்மாள் முதல் நாளே சொன்னாரே. ஊர் உலகத்தில் யார் சொன்னாலும் கேட்பதில்லை என்று என்ன பிடிவாதம் உங்களுக்கு? அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், உன் தம்பிக்கு வேலை தெரியும், நிறுத்தத் தெரியாது என்று அப்பா பரிகாசம் செய்ததையும் சேர்த்து.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கிற பகுதியை இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

அந்தப் பசையைச் சுரண்டி எடுங்கள். முழுவதையும். பஞ்சக்காவிடம் போய்க் கேளுங்கள், வழி தெரிந்திருக்கும். படகு தண்ணீரில் இறங்கக் கூடாது.

சுண்டெலி

*

பிப்ரவரி 25

அன்புள்ள சுண்டெலிக்கு,

கடிதம் வந்தது. உன் அத்தையிடம் காட்டவில்லை. அவள் கேட்டாள், கம்பி வடம் பற்றி எழுதியிருக்கிறாய் என்று சொல்லி மடித்துவிட்டேன்.

நோட்டு எழுதிய மனிதர் நல்லவராக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பார். நாற்பத்தாறு வருடத்து மரம். ஆறு வருட வெயில். இனி அது எங்கே ஊறப் போகிறது? என் வீட்டுக் கதவு ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரையில் சுருங்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கதவு எங்காவது நிலைச்சட்டத்தை உடைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறதா? இதை நானாகச் சொல்லவில்லை. யார்டுக்கு ஒரு கேப்டன் வந்திருந்தார். ஏழு கடலையும் சுற்றியவர். பைப் பிடித்துக்கொண்டு உன் படகை முக்கால் மணி நேரம் பார்த்தார். "இந்த மாதிரி வேலைய நான் எந்தத் துறைமுகத்துலயும் பாத்ததில்ல" என்றார். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுதுகிறேன்.

கம்பி வடம் எட்டும் புதிது. இன்ஜினைக் கழற்றிப் பூட்டியாயிற்று, பூனை மாதிரி உறுமுகிறது. தண்ணீர்த் தொட்டி இரண்டும் மாற்றியாயிற்று. மாப்பிள்ளைக்கு உள்ள கயிறு படுக்கையில் தொடங்கி, ஏணியில் ஏறி, சுக்கான் வரைக்கும் போகிறது. திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு, படி இருக்கிற இடத்தில் இரண்டு முடிச்சு. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். ஒரு தரம் மட்டும் தலையை இடித்துக்கொண்டேன்.

நீ எழுதிவிட்டாயே என்று, சும்மா ஒரு இடத்தில் உளி வைத்துப் பார்த்தேன். பசையின் பலத்தைச் சோதிக்கத்தான், வேறொன்றும் இல்லை. ஒரு முழம் எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. பசை வரும்போது பலகையின் விளிம்பையும் பிய்த்துக்கொண்டுதான் வருகிறது. அவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது.

நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

மாமா

*

மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கப்பலில் உங்கள் கடிதத்தோடு இன்னொன்றும் வந்தது. பஞ்சக்கா எழுதியிருக்கிறார். யார்டு ஆபீசில் என் விலாசத்தைக் கேட்டு வாங்கினாராம். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேப்டன் என்று எழுதியிருந்தீர்களே, அவர் படகுக் கழிவறைக்குப் பம்ப் விற்க வந்தவராம். முக்கால் மணி நேரம் பார்த்தது உங்களிடம் ஒன்று விற்றுவிடலாம் என்றுதானாம்.

அதை விடுங்கள். நீங்கள் தினமும் காலையில் கேட் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்களாமே. கேட் திறந்ததும் படகுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு சுரண்டுகிறீர்களாம். மற்றவர்கள் வேலைக்கு வரும்போது உளியை ஒளித்துவிட்டுச் சும்மா நிற்பது போல நிற்கிறீர்களாம். வலது கையில் துணி சுற்றியிருக்கிறதாம். "அவருக்கிட்ட போய் நான் ஒத்தாசை பண்றேன்னு சொன்னா, எதுக்குன்னு கேக்குறாரு. நீ எழுதினா கேப்பாரு, தாயி" என்று எழுதியிருக்கிறார்.

மாமா, போன கடிதத்தில் அப்படி எழுதியது தப்பு. அம்மாவை இழுத்திருக்கக் கூடாது.

இவருக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை கருவி மேடையிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி அவர் கண்ணில் படவில்லை, மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போடும்போது கையைக் கொடுத்துக்கொண்டே, படகில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, சொல் என்றார். சொன்னேன். கட்டின் முனையைத் தானே செருகிக்கொண்டார். பிறகு, உன் மாமா பாவம் என்றார்.

மே கடைசி வரைக்கும் நாள் இருக்கிறது. பஞ்சக்காவிடம் பசையை அறுக்கிற மெல்லிய ரம்பம் இருக்கிறதாம். இரண்டு பேருமாகச் செய்யுங்கள். விளிம்பு போனால் போகட்டும், பலகைதானே, இடுக்கு அகலமாகும், பஞ்சு கூடப் பிடிக்கும், அவ்வளவுதான் என்கிறார். எனக்காக அவரிடம் போய் நில்லுங்கள்.

சுண்டெலி

*

மார்ச் 20

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ சொன்னபடி போய் நின்றேன். பஞ்சக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ரம்பத்தைக் கையில் கொடுத்து, "பெரியவரே, அவசரப்படாதீங்க, மரம் எங்கயும் போயிராது" என்றாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாற்பத்து நாலில் ஐந்து இடுக்கு முடித்திருக்கிறோம். இந்தக் கணக்கில் மே மாதம் முடிந்துவிடும் என்று நான் உனக்கு எழுத இருந்தேன்.

நேற்று யார்டு மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். இடத்தை முழுசாகச் சரக்குத் தோணிக் கம்பெனிக்கு விட்டுவிட்டார்களாம். இருபத்தெட்டாம் தேதி பெரிய ஓதம், கடல் நன்றாக ஏறும். அன்றைக்கு கிரேன் வரும். இறங்குகிற படகெல்லாம் இறங்க வேண்டும். இறங்காததை முப்பதாம் தேதி அறுத்து எடுத்துப் போய்விடுவார்களாம். எட்டு நாள். காலி செய்யச் சொன்னால் செய்ய வேண்டும் என்றுதானே வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டினார். நீ கையெழுத்துப் போட்ட தாள்தான்.

நான் மேஜையைத் தட்டினேன். எழுந்து நின்று, என் பிள்ளை வீட்டை விற்று வாங்கிய படகு, ஒரு கட்டையைத் தொட்டுப் பார் என்று கத்தினேன். முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

தட்டவில்லை. கெஞ்சினேன். ஒரு மாசம் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

பக்கத்து யார்டில் இடம் கேட்டேன். இருக்கிறது, ஆனால் அங்கே போக லாரியில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் ரயில் பாலத்துக்கு அடியில் நுழையாது. ஒன்றரை அடி இடிக்கிறது. நானே கயிறு பிடித்து அளந்தேன், மூன்று தடவை. பஞ்சக்கா தன் ஆட்களைக் கூட்டிவந்தாள். எட்டு நாளில் இன்னும் நாலு இடுக்குக்கு மேல் முடியாது. இப்போது ஈரச் சாக்குப் போர்த்தலாமா என்று கேட்டேன். "இப்ப நனச்சா கரையிலயே ஒடையும், பெரியவரே" என்றாள்.

இறக்கட்டுமா, விடட்டுமா? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இது உன் கைக்கு இருபத்தாறாம் தேதி வரும். உன் பதில் என் கைக்கு முப்பதாம் தேதி. எழுதும்போதே தெரிகிறது. வீட்டில் யாராவது செத்தால்தான் தீவு ரேடியோவில் சொந்த விஷயம் பேச விடுவார்களாமே. உன் அத்தை என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறாள் போல.

மாமா

*

மார்ச் 26

மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் ரேடியோ அறைக்குப் போனேன். ஆபரேட்டர் நல்ல மனிதர், என்னோடு மூன்று வருடமாகச் சீட்டு ஆடுகிறவர். சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரும்மா செத்தாங்க என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு காற்று அளவுகளைச் சொல்ல ஆரம்பித்தார். மணிக்கு ஒரு முறை அதே ரேடியோவில் நான் கொடுத்த அளவுகளை உங்கள் ஊருக்கே சொல்கிறார்கள். காற்று, மழை, அலை உயரம் எல்லாம் போகிறது. இறக்குங்கள் அல்லது இறக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை போகாது.

செய்வதைச் செய்து முடித்த பிறகுதான் இது உங்களுக்குக் கிடைக்கும். ஆனாலும் இவர் சொன்னதை எழுதுகிறேன். "கரையில வச்சு அறுக்கறதுக்கு அது என்ன வெறகா? தண்ணியில எறங்கட்டும். ஆகறது ஆகட்டும். மாமாவ நான் சொன்னதா நெனச்சுக்கச் சொல்லு."

நீங்களாக முடிவு செய்ததாக நினைக்காதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் சொல்லித்தான் இறக்கினீர்கள்.

சுண்டெலி

*

ஏப்ரல் 6

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. அதற்குள் படகு தண்ணீரில் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி பதினொரு மணிக்கு கிரேன் தூக்கியது. இறங்கினதும் நான் உள்ளே ஓடி, தரைப்பலகையைத் தூக்கி, கையை விட்டுத் துழாவினேன். நாங்கள் பஞ்சு அடித்த ஒன்பது இடுக்கிலும் கொஞ்சம் கசிந்தது, அப்படித்தான் கசியும், ஊறியதும் நிற்கும் என்று பஞ்சக்கா சொல்லியிருந்தாள். என் பசை இருந்த இடத்தில் ஒரு சொட்டு வரவில்லை. அன்றைக்கு நான் யார்டில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அத்தைக்கு இனிப்பு வாங்கிப் போனேன். மறுநாளும் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் உன் கடிதம் வந்தது, மாப்பிள்ளை சொன்னதைப் பஞ்சக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நாலாம் நாள் காலையில் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். யாரோ சோம்பல் முறித்துச் சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். பஞ்சக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் காதை வைத்தாள். "ஆரம்பிச்சிருச்சு" என்றாள். நான் எலி என்றேன். அடுத்தது கேட்டதும் நான் ரம்பத்தை எடுத்தேன்.

அன்றைக்கு மூன்று விலா. மறுநாள் ஏழு. நாங்கள் உள்ளே இருந்து தண்ணீர் மட்டத்துக்கு மேலே எட்டுகிற இடுக்கையெல்லாம் ரம்பம் போட்டு அறுத்தோம், கொஞ்சமாவது இடம் கிடைக்கட்டும் என்று. ஆனால் ஊறுவது தண்ணீருக்குக் கீழே. அங்கே கை எட்டவில்லை. நான் ஒரு விலாவைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், பஞ்சக்கா என்னை இழுத்து வெளியே தள்ளினாள். அது முறிந்தபோது என் தோளில் தெரிந்தது.

இடது பக்கம் பதினேழு, வலது பக்கம் பதினாலு. பிறகு எண்ணவில்லை. பலகைகள் விலாவை விட்டுப் பிரிந்து பிளந்து தண்ணீர் வந்தது. மூன்று பம்ப் வைத்தோம். நேற்று மத்தியானம் படகு துறை மேடையை ஒட்டிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஓதம் ஏறும்போது ஜன்னல் வரைக்கும் தண்ணீர். இறங்கும்போது காலியாகிறது. இனி நிமிர்த்த முடியாது என்று பஞ்சக்கா சொன்னாள், அவள் சொன்னதை நான் மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். பாய்மரத்தைக் கழற்றி யார்டு வேலியோரம் சாய்த்திருக்கிறோம். பாய் இரண்டும் வீட்டில் இருக்கிறது, உன் அத்தை உப்புப் போக அலசி மாடியில் காயப் போட்டிருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்வதற்கு முன்னாலேயே தெரியும்.

என் பசை கடைசி வரைக்கும் எங்கேயும் விடவில்லை. போய்த் தடவிப் பார்த்தேன். பலகை பிளந்திருக்கிறது, விலா முறிந்திருக்கிறது, பசை அப்படியே இருக்கிறது.

ஒன்றரை வருடத்தில் மூன்று மாதம் போய்விட்டது என்று உன் அத்தை சொன்னாள். வேறு படகு வாங்க, விற்பதற்கு இன்னொரு வீடு மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் என் மேல் பழி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், ஆனால் எடுத்துப் படிக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதினேன். முதல் நாலில் படகு தப்பித்துவிட்டது.

மாமா

*

ஏப்ரல் 16

அன்புள்ள மாமாவுக்கு,

இன்றைக்குக் கப்பல் நாள். வரும் பையில் உங்கள் கடிதம் இருக்கும். படித்துவிட்டு எழுதலாம் என்றால், இந்தத் தடவை கப்பல் அரை மணி நேரம்தான் நிற்குமாம், அலை சரியில்லை. அந்த அலையை அளந்து சொன்னவளே நான்தான். அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

இந்த மூன்று வாரமும் நான் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை. இவர் அப்படி இல்லை. நோட்டில் எழுதியிருப்பதெல்லாம் வேத வாக்கா, ஒன்பது இடுக்கு அறுத்திருப்பார்கள், அது போதுமானதாக இருக்கலாம், மரத்துக்கு மரம் வித்தியாசம் இல்லையா என்று தினமும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறார். நேற்று மாலை மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டு, வரைபடத்தை மேஜையில் விரித்து, முதல் மூன்று துறைமுகத்துக்கும் எத்தனை நாள் ஆகும் என்று பென்சிலால் குறித்தார். கோடு தாளைத் தாண்டி மேஜைமேல் போனது அவருக்குத் தெரியவில்லை. நான் அதைத் துடைக்கவில்லை.

"உன் மாமா சொன்னது இதுவரைக்கும் ஒண்ணுகூட நடந்ததில்ல" என்றார். "ஒரு மனுஷன் இத்தன சொன்னா, ஒண்ணாவது நடந்துதான ஆகணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாமா. ரொம்ப நாளைக்குப் பிறகு.

கப்பல் தீவு முனையைத் திரும்பிவிட்டது, இங்கிருந்தே தெரிகிறது. அவர் பையை வாங்குவதற்கு எனக்கு முன்னாலேயே துறைக்கு இறங்கிவிட்டார். என்னை வர வேண்டாம் என்றார். மற்றவர்கள் எழுதுவதெல்லாம் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் எழுத்து பெரிசு. உங்கள் கடிதத்தை மட்டும் அவரே பிரித்து, அவரே படிப்பார்.

சுண்டெலி